‘விரியவில்லை’ என்று யார் சொன்னது?

நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் தொடரலாம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அவசியம் தொடர வேண்டும்.

விமானத்திலிருந்து குதித்து ஒருவர் இறந்துபோனால் நம் செய்தித்தாள்கள் எழுதும் வாக்கியம் ஏறத்தாழ ஒன்றுதான்: ‘பாராசூட் விரியாததால் பலி.’ இறந்தவர் பலநூறு முறை குதித்தவர் என்றால் முன்னால் ‘அனுபவம் மிக்க’ என்ற அடைமொழி வந்து சேரும். அதற்குக் கீழே பின்னூட்டங்களில் ‘விதி’ என்பார்கள். விரியவில்லை, அனுபவம், விதி ஆகிய இம்மூன்று சொற்களும் கூடி ஒரு காரியத்தைக் கச்சிதமாகச் செய்து முடிக்கின்றன. நடந்ததில் எவரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்ற தோற்றத்தை அவை உண்டாக்குகின்றன. அந்தத் தோற்றம் பொய் என்பதும், அந்தப் பொய் உயிர்களைக் கொல்கிறது என்பதும் என் வாதம்.

ஸ்கைடைவிங்கை இங்கே வான்குதிப்பு என்றும், பாராசூட்டின் விரியும் துணிப்பகுதியைக் குடை என்றும் எழுதுகிறேன். மொழியியல் படித்த பழக்கத்தால் வினைச்சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

‘விரி’ என்னும் வினையடி தமிழில் இருவகையாக நடக்கும். குடை விரிந்தது என்றால் தன்வினை. குடையை விரித்தார் என்றால் பிறவினை. எதிர்மறையிலும் இந்த வேறுபாடு அழிவதில்லை: விரியவில்லை வேறு, விரிக்கவில்லை வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை போதும். அங்கே செய்தியாளர் எதையும் தெளிவுபடுத்தாமல் தப்பித்துவிடலாம். தமிழ் அந்த வசதியைத் தருவதில்லை. ஒவ்வொரு முறையும் நாம் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் நாம் தேர்வது தன்வினையைத்தான். துணி எழுவாயாகிறது, மனிதர் வாக்கியத்திலிருந்து வெளியேறுகிறார்.

சரி, செய்தி உண்மையாவது உண்மையா? வான்குதிப்பு மிக அதிகமாக நடைபெறும் நாடு அமெரிக்கா. அங்குள்ள அமெரிக்கப் பாராசூட் சங்கம் ஆண்டுதோறும் மரணங்களை வகைப்படுத்தி வெளியிடுகிறது. 1990-களுக்குப் பிந்தைய அந்த அறிக்கைகளை வரிசையாக வாசிப்பவருக்கு ஒன்று விளங்கும். உரிமம் பெற்ற, தேர்ந்த குதிப்பாளர்களின் மரணங்களில் பெரும்பங்கு, குடை முழுமையாக விரிந்து, எந்தக் கோளாறும் இல்லாமல் இயங்கிக்கொண்டிருந்தபோது நிகழ்ந்தவை. தரைக்கு மிக அருகில் எடுத்த கூர்மையான திருப்பம், தவறிய கணிப்பு, காற்றில் மற்றொரு குடையோடு மோதல் என்று காரணங்கள் நீளும். குடை விரிந்தது, அழகாகவே விரிந்தது. அதன் கீழ்தான் அவர் இறந்தார்.

எப்படி? இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். குதிப்பாளரின் எடை, அவர் அணிந்திருக்கும் கருவிகளின் எடை இரண்டையும் பவுண்டில் கூட்டி, குடையின் பரப்பைச் சதுர அடியில் கொண்டு வகுத்தால் வரும் எண்ணை ‘இறக்கைச் சுமை’ எனலாம். மொத்தம் 200 பவுண்டு எடையுள்ள ஒருவர் 200 சதுர அடிக் குடையில் இறங்கினால் அது 1.0. அவரே 100 சதுர அடிக் குடையில் இறங்கினால் 2.0. சுமை இரு மடங்கானால் குடை பறக்கும் வேகம் ஏறத்தாழ 1.4 மடங்காகும், தரையில் மோதும்போது உடல் தாங்க வேண்டிய ஆற்றல் இரு மடங்காகும். அதோடு முடிவதில்லை. திருப்பத்தின்போது குடை ஒருபக்கம் சாய்ந்து கீழ்நோக்கிப் பாயும்; மீண்டும் நிமிர்ந்து நேராவதற்கு உயரம் தேவை. குடை சிறியதாக ஆக, அந்தத் தேவை கூடும். உயரம் போதவில்லை என்றால் தரைதான் அந்தக் கணக்கை முடித்துவைக்கும்.

இப்போது கேளுங்கள்: 100 சதுர அடிக் குடையை யார் வாங்கியது? துணி தானாகவே சிறுத்துவிட்டதா?

கற்றுக்கொள்பவர் இறங்குவது பெரிய, சாதுவான குடையில். அது வேகம் காட்டாது, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். உரிமம் பெற்றபின் குடையைச் சிறிதாக்கிக்கொண்டே போவது அந்த உலகில் பதவி உயர்வு போன்றது. வேகமாகப் பாய்ந்து வந்து தரையை ஒட்டி நீண்ட தூரம் வழுக்கிச் செல்லும் இறக்கம் கைதட்டல் பெறும். பெரிய குடையில் மெல்ல இறங்கி நடந்து போகிறவரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே மரணத்துக்கான முடிவு கடைசி மூன்று வினாடிகளில் எடுக்கப்படுவதில்லை. பல மாதங்களுக்கு முன் ஒரு பழைய குடையை விற்றுப் புதியதை வாங்கியபோதே அதில் ஒரு பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. விற்றவர், பாராட்டியவர், ‘உனக்கு இது தாங்கும்’ என்றவர், பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்த மையத்தின் பொறுப்பாளர் ஆகிய எல்லோரும் அந்த வினையின் எழுவாய்கள்.

இதனால்தான் ‘மனிதப் பிழை’ என்ற கலைச்சொல்லும் எனக்கு உடன்பாடில்லை. ‘விரியவில்லை’ மனிதரை மறைக்கிறது என்றால், ‘மனிதப் பிழை’ அவரைக் கடைசி வினாடியில் மட்டும் காட்டுகிறது. இரண்டும் அதற்கு முந்தைய காலத்தை அழித்துவிடுகின்றன.

அடுத்து, தானியங்கித் திறப்புக் கருவி. சுருக்கமாக ஏ.ஏ.டி. என்பார்கள். குதிப்பாளர் மயங்கிவிட்டாலோ உயரத்தை மறந்துவிட்டாலோ, குறிப்பிட்ட உயரத்தில் இன்னும் அதிவேகமாக விழுந்துகொண்டிருப்பதை உணர்ந்து, காப்புக் குடையைத் தானே திறந்துவிடும் கருவி அது. 1991-இல் சந்தைக்கு வந்த ஜெர்மானியக் கருவியான சைப்ரெஸ், தேர்ந்தவர்களுக்கான வகையில் ஏறத்தாழ 750 அடி உயரத்தில் இயங்குமாறு அமைக்கப்பட்டது. மணிக்கு 190 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் விழுபவருக்கு 750 அடி என்பது நான்கு வினாடிகளுக்குச் சற்று மேல். மனிதர் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்யத் தவறிய பிறகு எஞ்சும் நான்கு வினாடிகள்.

இந்தக் கருவிக்கு மூத்தவர்கள் பலர் வைத்த பெயர் ஊன்றுகோல். அது கற்பவர்களுக்கானது, எனக்கு எதற்கு என்றார்கள். அமெரிக்கச் சங்கத்தின் விதியும் ஏறக்குறைய அவர்கள் பக்கமே நிற்கிறது: கற்பவர்களுக்கும், பயிற்றுநரோடு இணைந்து குதிக்கும் இரட்டைக் குதிப்புக்கும் கருவி கட்டாயம்; உரிமம் பெற்றுத் தனியே குதிப்பவருக்கு அது விருப்பம். தகுதி உயர உயரப் பாதுகாப்பு விருப்பப் பாடமாகிவிடும் என்பது எந்த ஊர்த் தர்க்கம்?

ஆர்.எஸ்.எல். என்னும் பட்டையின் கதையும் இதுவே. முதன்மைக் குடையில் கோளாறு என்றால் அதைக் கழற்றிவிட்டுக் காப்புக் குடையைத் திறக்க வேண்டும். கழன்று போகும் குடையின் இழுவிசையைக் கொண்டே காப்புக் குடையின் ஊசியை உருவிவிடுவது இந்தப் பட்டை. மூத்தவர்கள் சிலர் அதை அவிழ்த்துவிட்டுக் குதிப்பார்கள். சுழன்றுகொண்டிருக்கும் உடலிலிருந்து காப்புக் குடை திறந்தால் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். கழற்றிவிட்டு, உடலை நிலைப்படுத்தி, பிறகு என் கையாலேயே திறப்பேன் என்பது அவர்களின் நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. குடைகளை ஒன்றோடொன்று கோத்துப் பறக்கும் குழுக்களில் பட்டையை அவிழ்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஆனால் மற்றக் குதிப்புகளில் அந்த நியாயம் நிற்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: உடலை நிலைப்படுத்தப் போதிய உயரமும், கைப்பிடியைத் தேடி இழுக்கத் தெளிவும் அப்போது எஞ்சியிருக்க வேண்டும். இல்லாத உயரத்தை இருப்பதாக எண்ணிக்கொண்டு செய்யப்படும் ஏற்பாட்டுக்குப் பெயர் நிபுணத்துவம் அல்ல. மேலும், பில் பூத் உருவாக்கிய ஸ்கைஹுக் போன்ற அமைப்புகள், கழன்று போகும் குடையையே கொண்டு காப்புக் குடையைப் பையிலிருந்து விரைவாக வெளியே இழுத்துவிடுகின்றன. பழைய நியாயத்தின் கீழிருந்த தரை நகர்ந்துவிட்டது. நியாயம் மட்டும் அங்கேயே நிற்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்கள் மூன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: ‘அனுபவம்.’ இந்த விளையாட்டில் அனுபவம் என்பது எண்ணிக்கை. அமெரிக்கச் சங்கத்தின் ஏ உரிமத்துக்கு 25 குதிப்புகள், பி-க்கு 50, சி-க்கு 200, டி-க்கு 500. வேறு தேர்வுகளும் உண்டு. ஆனால் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளும்போது கேட்கப்படுவது எண்தான். வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையை அறிவின் அளவாகக் கொள்ளும் அபத்தத்தில் அன்றாடம் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 500 முறை ஒன்றும் நேராமல் இறங்கியவருக்கு 500 முறை ஒன்றும் நேராததன் அனுபவம் இருக்கிறது. கோளாறு பலநூறு குதிப்புகளுக்கு ஒருமுறை வருவது. அதைப் பற்றிய அவருடைய அனுபவம் பூஜ்யமாகவோ ஒன்றாகவோ இருக்கலாம். இன்னும் மோசமாக, ஒவ்வொரு பத்திரமான இறக்கமும் ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்ற முடிவுக்கு இன்னொரு சான்றாகக் குவிகிறது.

தமிழில் அனுபவத்துக்குப் பட்டறிவு என்றொரு சொல் உண்டு. பட்டு அறிவது. படுதல் முதலில், அறிதல் பிறகு. விவசாயத்திலும் வியாபாரத்திலும் அந்த வரிசை செல்லும். ஐம்பது அடி உயரத்தில் எடுத்த தவறான திருப்பத்தில் பட்டுவிட்டு, பிறகு அறிவதற்குப் பல நேரங்களில் ஆள் மிஞ்சுவதில்லை. பிறர் பட்டதிலிருந்து நாம் அறிவதுதான் இங்கே ஒரே வழி. அதற்கு அறிக்கைகள் வேண்டும். அறிக்கைகளில் சரியான வினைச்சொற்கள் வேண்டும்.

எண்ணிக்கை காக்காது என்பதற்கு இரண்டு நிகழ்வுகள். 1988-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், 800-க்கும் மேற்பட்ட முறை குதித்த ஒருவர், ஒரு பயிற்றுநரும் மாணவரும் குதிப்பதைப் படம்பிடிப்பதற்காக ஒளிப்பதிவுக் கருவிகளோடு விமானத்திலிருந்து வெளியேறினார். பாராசூட்டை அணிய மறந்திருந்தார். ‘விரியவில்லை’ என்பது இங்கே அப்பட்டமான உண்மை. விரிவதற்கு ஒன்றும் இல்லை. புதியவர் ஒருவரின் கருவிகளை இன்னொருவர் சரிபார்த்த பின்பே விமானத்தில் ஏற்றுவார்கள். 800 முறை குதித்தவரை யார் சரிபார்ப்பது? அடுத்தது 1998. பலகையில் நின்று காற்றில் சறுக்கும் ஸ்கைசர்ஃபிங்கிலும், நவீன இறக்கை உடையிலும் முன்னோடியான பிரெஞ்சுக்காரர் பாத்ரிக் த கயார்தோன் ஹவாயில் இறந்தார். தன் பாராசூட் பையில் தானே செய்துகொண்ட ஒரு மாற்றம் அவரைக் கொன்றது. அவரைவிட அனுபவம் மிக்கவர் என்று அன்று எத்தனை பேரைச் சுட்ட முடியும்? அனுபவம் அவரைத் தடுக்கவில்லை; அந்த மாற்றத்தைத் தானே செய்துகொள்ளலாம் என்ற துணிவையும் அவருக்கு அதுவே தந்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

இரண்டு: ‘விதி.’ இதைப் படித்தவர்கள் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார்கள். கருவிகள் எவ்வளவு பாதுகாப்பானவை ஆகின்றனவோ அவ்வளவு அதிக ஆபத்தைக் குதிப்பாளர்கள் தேடிக்கொள்வார்கள், மரண விகிதம் மாறாமலே இருக்கும் என்பது மேலே குறிப்பிட்ட பில் பூத்தின் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற ‘விதி’. மனித இயல்பு பற்றிய அந்தக் கணிப்பின் முதல் பாதி கூர்மையானது. சிறிய குடைகளின் வரலாறே அதற்குச் சான்று. இரண்டாம் பாதியை எண்கள் மறுக்கின்றன. அமெரிக்காவில் 1970-களில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023-இல் ஏறத்தாழ 36.5 லட்சம் குதிப்புகளில் 10 பேர். 2024-இல் ஏறத்தாழ 38.8 லட்சம் குதிப்புகளில் 9 பேர். அதாவது நான்கு லட்சம் குதிப்புகளுக்கு ஒன்று என்ற அளவில். விகிதம் மாறாமல் இருக்கவில்லை, சரிந்திருக்கிறது. கருவிகள், பயிற்சி, கட்டுப்பாடுகள், இறங்கும் முறைகளில் ஒழுங்கு ஆகியவை சேர்ந்து அதைச் சரித்திருக்கின்றன. பூத்தின் கூற்றை இயற்கை விதியாகச் சொல்லித் தோளைக் குலுக்குபவர், அந்தச் சரிவில் பிழைத்திருப்பவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்று: ‘சுதந்திரம்.’ என் உயிர், என் குடை, என் தேர்வு. இதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆபத்தை அறிந்து ஏற்கும் உரிமை வயதுவந்த மனிதருக்கு உண்டு. ஆனால் வானம் அவர் ஒருவருடையதல்ல. வேகமாகச் சுழன்று இறங்குபவரின் பாதையில், வழக்கமான முறையில் இறங்கும் இன்னொருவர் இருக்கக்கூடும், இருந்திருக்கிறார், இருவரும் இறந்திருக்கிறார்கள். இருவகை இறக்கங்களையும் இடத்தாலோ நேரத்தாலோ பிரிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சங்கம் தன் உறுப்பு மையங்களிடம் கோருவது இதனால்தான். மேலும், சுதந்திரமான தேர்வு என்பதற்குத் தேர்வின் விளைவு தெரிந்திருக்க வேண்டும். கைதட்டலும் கேலியும் சேர்ந்து நடத்திச் செல்லும் ஒரு படிக்கட்டில் ஏறுவதைச் சுதந்திரம் என்று அழைக்க எனக்குத் தயக்கம் உண்டு.

மூத்தவர்களுக்கும் எல்லை வகுக்க முடியும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. நெதர்லாந்தில் குதிப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்து எந்த வகைக் குடையைப் பயன்படுத்தலாம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்கச் சங்கம் 2013-இல் சி, டி உரிமம் பெற்றவர்கள் குடையைத் திறக்க வேண்டிய குறைந்தபட்ச உயரத்தை 2,000 அடியிலிருந்து 2,500 அடியாக உயர்த்தியது. இன்றைய குடைகள் மெதுவாகத் திறப்பவை. தாமதமாகத் திறந்தால் தானியங்கிக் கருவியும் இயங்கி, இரண்டு குடைகள் ஒரே நேரத்தில் வெளிவரும் ஆபத்து உண்டு. உயர்த்தப்பட்ட அந்த 500 அடி முழுக்க முழுக்க அனுபவசாலிகளுக்கானது. அதனால் விளையாட்டு அழிந்துவிடவில்லை.

‘எண்ணிக்கையை மறுத்துவிட்டு எண்ணிக்கை அடிப்படையிலான எல்லையை ஆதரிக்கிறாயே’ என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்ணிக்கை உச்சவரம்பாக இருக்கட்டும், சான்றிதழாக வேண்டாம். 200 குதிப்புக்குக் குறைந்தவர் இன்ன குடையைத் தொடக்கூடாது என்பது ஒரு வாக்கியம். 200 குதிப்பு முடித்தவர் இன்ன குடைக்குத் தகுதியானவர் என்பது வேறொரு வாக்கியம். முதலாவதிலிருந்து இரண்டாவது தர்க்கப்படி பிறப்பதில்லை. ஆனால் நடைமுறையில் எல்லோரும் முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவதாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இதையெல்லாம் இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு ஏன் எழுத வேண்டும்? இங்கே வான்குதிப்பு நெடுங்காலம் படைகளின் துறையாகவே இருந்தது. விமானப்படையின் ஆகாஷ் கங்கா குழு 1987-இல் உருவானது. இப்போது ஹரியானாவின் நார்னவுல் போன்ற இடங்களில் குடிமக்களும் குதிக்கிறார்கள். 2022-இல் வெளியான தேசிய வான்விளையாட்டுக் கொள்கை, வான்குதிப்பையும் உள்ளடக்கி, ஒவ்வொரு விளையாட்டுக்கும் சங்கங்களையும் பாதுகாப்பு நெறிகளையும் உருவாக்கச் சொல்கிறது. நெறிகள் உருவாகும் காலத்தில்தான் மொழி உருவாகும். மொழி உருவாகும் காலத்தில்தான் ஆய்வாளர்கள் பேச வேண்டும். பிறகு பேசினால் அஞ்சலிக் கட்டுரை மட்டுமே மிஞ்சும்.

இந்த இலக்கணம் வான்குதிப்போடு நிற்பதுமில்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறக்கிவிடப்பட்ட தொழிலாளி இறந்தால் ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்று எழுதுகிறோம். வாயு எழுவாயாகிறது; இறக்கிவிட்டவர் காணாமல் போகிறார். இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவேன்: ஒருவர் பணம் கொடுத்து ஆபத்தைத் தேடுகிறார், மற்றவருக்கு வேறு வழி விடப்படவில்லை. ஆனால் பொறுப்பைப் பொருளின் மீது ஏற்றிவிடும் வாக்கிய அமைப்பு இரண்டு இடங்களிலும் ஒன்றே.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை.

இந்தியாவில் நிகழும் ஒவ்வொரு வான்குதிப்பு விபத்தும், உயிர் போகாதவையும், பொதுவில் வெளியிடப்பட வேண்டும். பெயர் தேவையில்லை. குடையின் பரப்பு, இறக்கைச் சுமை, தானியங்கிக் கருவி இருந்ததா, ஆர்.எஸ்.எல். இணைக்கப்பட்டிருந்ததா, கடந்த மூன்று மாதங்களில் எத்தனை முறை குதித்தார் என்பவை தேவை.

தானியங்கிக் கருவி அனைவருக்கும் கட்டாயமாக வேண்டும். வேகமான இறக்கங்களின்போது அது தவறாக இயங்கிவிடும் என்பவர்களுக்கு, அதற்கெனத் தனிவகைக் கருவிகளையே தயாரிப்பாளர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

குடையைச் சிறிதாக்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும், எத்தனை ஆயிரம் குதித்தவராயினும், இன்னொருவரின் மேற்பார்வையில் பயிற்சியும் மதிப்பீடும் வேண்டும். விமானத்தில் ஏறும் முன் எல்லோருடைய கருவிகளையும் இன்னொரு ஜோடிக் கண்கள் பார்க்க வேண்டும். 800 முறை குதித்தவருடையதை முதலில்.

செய்தியறைகளில் இருக்கும் நம் முன்னாள் மாணவர்களிடமும் நண்பர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விசாரணை முடியும்வரை ‘விரியவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘இறந்தார்’ என்று எழுதுங்கள், அது போதும். காரணம் தெரிந்தபின் யார், எதை, எப்போது தேர்ந்தார்கள் என்று எழுதுங்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எங்கோ ஒரு குதிப்பாளர் தன் சிறிய குடையை விற்கும் முடிவை எடுக்கக்கூடும். ‘விதி’ என்று படித்தவர் அந்த முடிவை எடுக்க மாட்டார்.